பாக்கி கட்டும் நாளைக் குறித்துக்கொள்

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய இரண்டு டூர் விவரங்களையும் அப்பாவும் நானும் உட்கார்ந்து படித்தோம். ஒன்று, 2027 ஆகஸ்ட் 2ஆம் தேதி முழுச் சூரிய கிரகணம் பார்க்க எகிப்தில் லக்சர். இன்னொன்று, அதே ஆண்டு வசந்தத்தில் ஐரோப்பாவைப் பஸ்ஸில் சுற்றிக்காட்டும் குழுப் பயணம். அப்பாவுக்கு இரண்டுமே வேண்டுமாம். நீயோ, "போர், நோய், விமானம் ரத்து என்று தினமும் ஏதாவது செய்தி வருகிறதே, இவ்வளவு முன்னாலேயே பணம் கட்டலாமா?" என்று கேட்டிருக்கிறாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். டிராவல் ஏஜென்சியில் காலம் தள்ளியவள் நான், இந்த விஷயத்தில் ஆரம்பித்தால் நிறுத்தவும் மாட்டேன். அதனால் எழுதிவிடுகிறேன்.

கிரகணத்துக்கு இப்போதே பதிவு செய். ஐரோப்பாவுக்குப் பொறு.

முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்லி எல்லா டூர் கம்பெனியும்தான் கூவும். அதில் பாதி அவர்கள் வசதிக்கு. இடம் உண்மையிலேயே குறைவாக இருக்கும் பயணத்துக்குத்தான் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் முன்னால் கை நீட்ட வேண்டும். கிரகணம் அந்த வகை. அன்று லக்சர் பக்கம் சூரியன் 6 நிமிடங்களுக்கும் மேல் முழுதாக மறையும். அது ஒரே ஒரு நாள், ஊரில் இருக்கும் அறைகளும் இருப்பவைதான். பெருவில் மச்சு பிச்சுவுக்கு நடந்து போகும் இன்கா பாதையும் இப்படித்தான். கைடு, சுமை தூக்குபவர்கள் எல்லாரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. அதுவும் உரிமம் பெற்ற கம்பெனி மூலம்தான் போக முடியும், பிப்ரவரியில் பாதையை மூடிவிடுவார்கள். ருவாண்டாவில் ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு 8 பேரைத்தான் விடுகிறார்கள். இதற்கெல்லாம் கடைசி நேரத்தில் போய் நின்றால் இடம் கிடைக்காது. ஐரோப்பா பஸ் டூர் அப்படியல்ல. ஒன்று நிறைந்தால் அடுத்த வாரம் இன்னொன்று கிளம்பும். அதற்கு இவ்வளவு முன்னால் பணத்தைக் கொண்டுபோய் அவர்களிடம் வைப்பானேன்?

இப்போது பணத்துக்கு வருகிறேன். பதிவு செய்யும் நாளில் நீ கட்டுவது முன்பணம் மட்டும். பாக்கியைப் பெரும்பாலும் கிளம்புவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் கேட்பார்கள். நீ உண்மையிலேயே முடிவெடுக்கும் நாள் அந்தப் பாக்கி கட்டும் நாள்தான். இன்று எடுப்பது பாதி முடிவு. போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகைதானா முன்பணம், அதை மட்டும் இப்போது யோசி. அந்தத் தேதியை மாப்பிள்ளையின் காலண்டரிலும் உன் காலண்டரிலும் குறித்துவை, அதற்கு ஒரு வாரம் முன்னால் நினைவூட்டலும் போடு. அந்த வாரத்தில் செய்தி பாருங்கள், இப்போதே பார்த்துப் பயந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. உங்கள் அரசாங்கம் அந்த ஊருக்குப் போகாதே என்கிறதா, விமானங்கள் ஓடுகின்றனவா, இந்தக் குழு நிச்சயம் கிளம்பும் என்று கம்பெனி எழுத்தில் சொல்லியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கட்டலாம். நிலைமை குழப்பமாக இருந்தால் பாக்கிக்குக் கொஞ்சம் அவகாசம் கேள். கேட்டால் தருபவர்கள் உண்டு. யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

முழுத் தொகையையும் இன்றே கட்டினால் தள்ளுபடி என்பார்கள். அந்த வலையில் விழாதே. நீ கொடுக்கும் கடனுக்கு அவர்கள் தரும் வட்டி அது, அதுவும் அடமானமே இல்லாத கடன்.

அடமானம் என்றதும் பிரிட்டனின் தாமஸ் குக் டூர் கம்பெனி ஞாபகம் வருகிறது. 1841இல் தொடங்கிய பெயர். 2019 செப்டம்பர் 23ஆம் தேதி விடிந்தபோது கம்பெனி இல்லை. பிரிட்டனிலிருந்து போன சுமார் 1,50,000 பேர் வெளிநாடுகளில் நடுவழியில் நின்றார்கள். அவர்களை அரசாங்கம் தனி விமானங்கள் வைத்துத் திருப்பி அழைத்து வந்தது. அங்கே விமானத்தோடு சேர்த்து விற்கும் பேக்கேஜுக்கு 'அட்டோல்' என்ற பாதுகாப்பு 1970களிலிருந்தே இருக்கிறது. அந்தச் சான்றிதழ் கையில் இருந்தவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. பெயர் பெரிது, வயசு பெரிது என்பதெல்லாம் ஒரு காப்பும் இல்லை. கம்பெனி திவாலானால் என் பணத்தை யார் தருவார்கள் என்று நேராகக் கேள். காப்பீடா, வங்கி உத்தரவாதமா, பயணிகள் பணத்துக்கென்று தனிக் கணக்கா? பதில் ஒரு வரியில் வர வேண்டும். "எங்களுக்கு அப்படியெல்லாம் ஆகாதுங்க" என்று ஆரம்பித்தால் அடுத்த கம்பெனியைப் பார்.

இன்னொன்றும் கவனி. உன்னிடம் பணம் வாங்குபவர் ஒருவர், டூரை நடத்துபவர் வேறொருவர், அங்கே வண்டியும் கைடும் ஏற்பாடு செய்பவர் மூன்றாமவர். இது இந்தத் தொழிலில் சகஜம், தப்பில்லை. ஆனால் ரசீது யார் பெயரில் வருகிறது, ஒப்பந்தம் யாரோடு என்று பார்த்துக்கொள். ஏஜென்ட் கைக்கு வந்த பணம் நடத்துபவருக்குப் போய்ச் சேராமல் நின்ற கதைகளை எங்கள் மேஜையில் கேட்டிருக்கிறேன். பணத்தை கிரெடிட் கார்டில் கட்டு. சேவை கிடைக்காவிட்டால் வங்கி மூலம் தகராறு எழுப்ப அதில் வழி இருக்கிறது. கார்டு எடுக்க மாட்டோம், கணக்குக்கு நேரே அனுப்புங்கள் என்றால் ஏன் என்று கேள்.

ரத்து விதிகளில் எல்லாரும் எத்தனை சதவீதம் பிடிப்பார்கள் என்பதை மட்டும் படிக்கிறார்கள். யார் ரத்து செய்கிறார்கள் என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி. நீ ரத்து செய்தால் பிடித்தம், நாள் நெருங்க நெருங்க அதிகம். அவர்கள் ரத்து செய்தால் பணம் திரும்ப வர வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பயந்துபோய் முதலில் தானே ரத்து செய்தவர்கள் பிடித்தத்தில் மாட்டினார்கள். பொறுத்திருந்து, கம்பெனியே ரத்து செய்த பிறகு கேட்டவர்களின் நிலை மேல். ஆகவே நிலைமை மோசமானால் உடனே மின்னஞ்சல் அனுப்பிவிடாதே. பிடித்தம் அடுத்த படிக்கு ஏறும் நாள் எது என்று பார், அதுவரை காத்திரு.

திரும்ப வரும் பணமும் பணமாக வர வேண்டும். அந்த வருஷம் ஊரெல்லாம் வவுச்சர் கொடுத்தார்கள், அடுத்த வருஷம் வாருங்கள் என்று. கம்பெனி பிழைத்திருந்தால்தான் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு. ஜெர்மனியில் ஓபராமர்காவ் என்ற ஊரில் 1634இலிருந்து ஏசு பட்ட பாடுகளை நாடகமாகப் போடுகிறார்கள், பொதுவாகப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை. கொள்ளைநோய்க்குப் பயந்து ஊரார் செய்த நேர்த்திக்கடன் அது. 2020இல் போட வேண்டியதை இன்னொரு கொள்ளைநோய் 2022க்குத் தள்ளிவிட்டது. அதற்கு டூர் போட்டிருந்தவர்களுக்கு 'அடுத்த முறை' என்று ஒன்று இருந்தது, இரண்டு வருஷம் பொறுத்துப் போய்ப் பார்த்தார்கள். கிரகணத்துக்கு அப்படிக் கிடையாது. அதனால் லக்சர் டூருக்கு 'தேதி மாற்றிக்கொள்ளலாம்' என்ற சலுகையைப் பெரிதாகப் போட்டிருந்தால் அது நமக்கு எதற்கும் உதவாது. பணமாகத் திருப்பித் தருவதாக எழுதியிருக்கிறதா, எத்தனை நாளில் என்று மட்டும் பார். ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு உட்பட்டு விற்கும் பேக்கேஜ் என்றால், கம்பெனி ரத்து செய்தபின் 14 நாளில் தர வேண்டும்.

அதே சட்டத்தில் குழுப் பயணத்துக்கென்றே ஒரு பிரிவு உண்டு. ஆள் சேரவில்லை என்று டூரை ரத்து செய்ய அவர்களுக்கு உரிமை இருக்கிறது, ஆனால் 6 நாளுக்கு மேற்பட்ட பயணம் என்றால் 20 நாள் முன்னால் சொல்லிவிட வேண்டும். 20 நாள்! அதற்குள் நீ தனியாக வாங்கிய விமான டிக்கெட் என்ன ஆவது? டூர் ரத்தானால் டூர் பணம்தான் வரும், டிக்கெட்டுக்கு அவர்கள் பொறுப்பில்லை. ஆகவே குறைந்தபட்சம் எத்தனை பேர் சேர வேண்டும், இப்போது எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று கேள். கிளம்புவது உறுதி என்று எழுத்தில் வரும்வரை டிக்கெட் வாங்காதே. எப்படியும் பெரும்பாலான விமானக் கம்பெனிகள் சுமார் 11 மாதம் முன்னால்தான் டிக்கெட்டே திறக்கின்றன. விமானமும் சேர்த்து ஒன்றரை வருஷம் முன்னாலேயே ஒரு விலை சொல்கிறார்கள் என்றால், அது அவர்கள் இன்னும் வாங்காத டிக்கெட்டின் விலை. பின்னால் ஏற்றுவார்களா, எவ்வளவு வரை என்பதையும் விதிமுறையில் தேடு.

இன்சூரன்ஸ் பற்றி நீ கேட்கவே இல்லை, எனக்குத் தெரியும். கிளம்பும் வாரம் விமான நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாய். முன்பணம் கட்டிய கையோடு வாங்கு. ஒரு புயலோ கலவரமோ செய்தியாகிவிட்ட பிறகு வாங்கினால், அது தெரிந்த ஆபத்து என்று அதற்குப் பணம் தர மாட்டார்கள். போரைப் பல பாலிசிகள் விலக்கியே வைத்திருக்கும். எழுத்து சின்னதாக இருக்கும் பக்கத்தில் பார். உங்கள் அரசாங்கம் போகாதே என்று சொன்ன இடத்துக்குப் போனால் பாலிசியே செல்லாமல் போகலாம். 'பயமாக இருக்கிறது, வரவில்லை' என்பதை எந்தச் சாதாரண பாலிசியும் காரணமாக ஏற்காது. எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யலாம் என்று ஒரு வகை அமெரிக்காவில் விற்கிறது. அதிலும் பெரும்பாலும் 50 முதல் 75 சதவீதம்தான் திரும்ப வரும், முன்பணம் கட்டிய இரண்டு மூன்று வாரத்துக்குள் வாங்கியிருக்கவும் வேண்டும். அப்புறம், அப்பாவின் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் மறைக்காமல் எழுது. "அதெல்லாம் கன்ட்ரோல்ல இருக்கு" என்று அவர் சொல்வதை பாலிசிக்காரர் கேட்க மாட்டார்.

இவ்வளவு வம்பு எதற்கு, தனியாகவே போய்விடலாமே என்று மாப்பிள்ளை சொல்வார். அவர் வயசுக்குச் சரி. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்துச் சாம்பல் பரவியபோது ஐரோப்பாவில் ஆறு நாள் போல விமானப் போக்குவரத்தே நின்றுபோனது, சுமார் 1,00,000 விமானங்கள் ரத்து. தனியாகப் போயிருந்தவர்கள் ஆளாளுக்கு ரயில் நிலையத்தில் வரிசையில் நின்றார்கள். குழுவில் போனவர்களுக்கும் கஷ்டம்தான். ஆனால் அறையை நீட்டுவதும் பஸ் பிடிப்பதும் டூர் மேனேஜரின் தலைவலி. அப்பாவையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு நாம் எதற்கு அந்தத் தலைவலியை வாங்க வேண்டும்? குழப்பமான காலத்தில் கைடோடு போவதற்கு நான் கொடுக்கும் கூடுதல் காசு கோயில் வரலாறு கேட்பதற்காக அல்ல, இதற்காகத்தான். சரித்திரத்தைப் புத்தகத்திலேயே படித்துக்கொள்வேன்.

நாளைக்கே எல்லார் பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பார். பயணத் தேதிக்கு அப்புறமும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. பெரியவர்களுக்கு 10 வருஷம் தரும் நாடுகளிலும் குழந்தை பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாகும், அதை யாரும் நினைப்பதில்லை. புதுப்பிக்க வேண்டியதை முதலில் புதுப்பித்துவிட்டு அப்புறம் டூர் கம்பெனிக்குப் பாஸ்போர்ட் எண்ணைக் கொடு. ஐரோப்பா பிறகு முடிவானால், ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னால்தான் விண்ணப்பிக்கவே முடியும். விசா மறுத்தால் முன்பணம் என்ன ஆகும் என்பதைக் கேட்காமல் அதற்குக் கையெழுத்துப் போடாதே.

லக்சர் கம்பெனியின் விதிமுறை முழுவதையும் எனக்கு அனுப்பு. படம் போட்ட விளம்பரத் தாள் வேண்டாம், சின்ன எழுத்தில் இருக்கும் அந்த நீளமான தாள். படித்துவிட்டுக் கேள்விகளை எழுதி அனுப்புகிறேன், அப்படியே அவர்களுக்கு அனுப்பிவிடு. ஆகஸ்டில் அங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும், பஸ்ஸில் ஏசி இருக்கிறதா என்றும், கிரகணம் பார்க்க நிற்கும் இடத்தில் நிழலும் கழிவறையும் உண்டா என்றும் சேர்த்துக் கேள். அப்பா இப்போதே கிரகணக் கண்ணாடி தேட ஆரம்பித்துவிட்டார். ஐஎஸ்ஓ 12312-2 தரம் என்று போட்டிருக்க வேண்டுமாம், எங்கோ படித்திருக்கிறார். அவர்களே கொடுக்கிறார்களா என்று கேட்டுச் சொன்னால் இவரை நிறுத்தி வைக்கலாம்.

அன்புடன்,
அம்மா