அந்த 345 அப்படியே இருக்கட்டும்: அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பாதுகாப்பு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

வாரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ஆண்டுதோறும் 25 படங்கள் சேர்கின்றன. வெளிவந்து பத்து ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும்; பண்பாடு, வரலாறு, அழகியல் என ஏதேனும் ஒரு வகையில் முக்கியமாக இருக்க வேண்டும். பொதுமக்களும் பரிந்துரைக்கலாம் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். நான் உங்கள் நாட்டவன் அல்லன். ஆனாலும் ஒரு படத்துக்காக வாதாட வந்திருக்கிறேன். 1995இல் வெளிவந்த ‘தி நெட்’.

சிரிப்பு வருகிறதா? வரட்டும். இர்வின் விங்க்லர் தயாரித்த ‘ராக்கி’, ‘ரேஜிங் புல்’, ‘குட்ஃபெல்லாஸ்’ மூன்றும் உங்கள் பதிவேட்டில் இருக்கின்றன. அவர் இயக்கிய இந்தப் படத்தை அவற்றின் பக்கத்தில் உட்கார வைக்க எனக்கே கூச்சம்தான். துரத்தல் காட்சிகள் எல்லாம் பழைய சரக்கு. இணையத்தில் ஒரு கணினியைச் சுட்டும் எண்வரிசைதான் ஐபி முகவரி; திரையில் தெரியும் அப்படியொரு முகவரியில் 345 என்று ஓர் எண் வருகிறது. அந்த இடத்தில் 255ஐத் தாண்டி எண்ணே கிடையாது. எனவே அழகியலை விட்டுவிடுவோம். வரலாற்றுக் கணக்கில்தான் கேட்கிறேன்.

சாண்ட்ரா புல்லக் நடித்த ஏஞ்சலா பென்னெட், வீட்டிலிருந்தபடியே மென்பொருள் பிழைகளைத் தேடித் தருபவள். பீட்சாகூடக் கணினி வழியாகத்தான் வருகிறது. விடுமுறைக்கு மெக்சிகோ போன இடத்தில் கைப்பை பறிபோகிறது. நாடு திரும்ப அதிகாரிகள் நீட்டும் தாளில் ‘ரூத் மார்க்ஸ்’ என்ற பெயர். ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறாள். வந்து பார்த்தால் வீடு காலியாகி விற்பனைக்கு நிற்கிறது. காவல்துறைக் கணினியில் ரூத் மார்க்ஸ் ஒரு குற்றவாளி. அலுவலகத்தில் ஏஞ்சலா என்ற பெயரோடு இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

என்னை உலுக்கியது இதற்குப் பிறகு வருவது. இவள்தான் ஏஞ்சலா என்று சாட்சி சொல்ல ஓர் ஆள் வேண்டும். அண்டை வீட்டாரோடு அவள் பழகியதில்லை. பெற்ற தாய்க்கு அல்சைமர். மகளின் முகம் நினைவில் இல்லை. மிஞ்சியவர் பழைய காதலரான மனநல மருத்துவர் ஒருவர்தான். இவள் அடையாளத்தைப் பறித்த சதிக்காரர்கள் மருத்துவமனைப் பதிவுகளைத் திருத்தி அவரையும் தீர்த்துவிடுகிறார்கள். தெருவில் நாலு பேர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகியிருந்தால் அந்தச் சதி முதல் நாளே சந்தி சிரித்திருக்கும்.

சதிக்காரர்களின் தொழிலையும் கவனியுங்கள். கணினிகளைத் தாக்கி ஊரை மிரட்டுவதும் அவர்களே, அதற்கு மருந்தாக ‘கேட்கீப்பர்’ என்ற பாதுகாப்பு மென்பொருளை விற்பதும் அவர்களே. வாங்கியவன் வீட்டுக் கொல்லைக் கதவின் சாவி அவர்கள் மடியில். வேலி பயிரை மேய்ந்த கதைதான்.

அடையாளத் திருட்டைத் தனிக் குற்றமாக்கிய கூட்டாட்சிச் சட்டம் உங்கள் நாட்டில் 1998இல்தான் வந்தது. படம் வந்து மூன்று ஆண்டுகள் கழித்து! தன் பெயரைக் காணோம் என்று ஏஞ்சலா போய் நின்றபோது, அந்தப் புகாரை எழுதிக்கொள்ள கூட்டாட்சிச் சட்டத்தில் அதற்கென்று ஒரு பிரிவுகூட இல்லை. பதிவேட்டுக்கு இதைவிட வேறென்ன வரலாற்றுத் தகுதி வேண்டும்?

2012இல் ‘தி மேட்ரிக்ஸ்’ படத்தைச் சேர்த்தீர்கள். மகிழ்ச்சி. அதில் இயந்திரங்கள் மனித குலத்தையே விழுங்குகின்றன. இதில் ஓர் ஊழியர் திரையைப் பார்க்கிறார், எதிரே நிற்பவளைப் பார்க்கிறார், பிறகு திரையையே நம்புகிறார். இரண்டில் எது நம் எல்லார் வாசலுக்கும் வந்து நின்றது என்று வாரியக் கூட்டத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

சேர்ப்பதாக முடிவெடுத்தால் ஒரே ஒரு வேண்டுகோள். பிரதியைச் செப்பனிடும் ஆர்வத்தில் அந்த ஐபி முகவரியை யாரும் திருத்திவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பார்வையாளன்