தூக்குவதற்கு முன் தொட்டி கட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய போர் விமானங்களை மீட்கும் செய்தி எப்போது வந்தாலும், கிரேன் தூக்கும் காட்சிதான் படமாக வருகிறது. அந்த விமானத்துக்கு உண்மையான ஆபத்து அதற்குப் பிறகுதான். ஊறவைக்கத் தொட்டியும், பார்த்துக்கொள்ள ஆளும், பல ஆண்டுச் செலவுக்குப் பணமும் இல்லாதவர்கள் அதைக் கடலடியிலேயே விட்டுவைப்பது மேல்.

காரணம் உப்பு. கடலில் கிடந்த டூராலுமின் (விமான உடல் செய்யும் அலுமினியக் கலவை) தகட்டின் நுண்குழிகளில் உப்பிலுள்ள குளோரைடு புகுந்து தங்கியிருக்கும். மணல் மூடியிருக்கும்வரை ஆக்சிஜன் குறைவு என்பதால் அரிப்பு மெதுவாக நடக்கும். வெளியே வந்து காயத் தொடங்கியதும் குளோரைடு செறிவடைந்து குழிக்குள்ளேயே அமிலம் உண்டாகிறது. அது உலோகத்தின் படிக எல்லைகள் வழியே பரவினால் தகடு வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக உரியும். கரையில் முழுதாகத் தெரிந்த இறக்கை கொட்டகையில் வெள்ளைப் பொடியாக உதிர்வது இதனால்தான். எனவே நீரைவிட்டு எடுத்த நிமிடம் முதல் ஈரம் காயவிடக் கூடாது: ஈரச்சாக்கு, பாலித்தீன் உறை, இடைவிடாத நீர்த் தெளிப்பு.

தூக்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. நீர்மட்டத்தைத் தாண்டும் கணத்தில்தான் பாரம் மிக அதிகம். உள்ளே நிறைந்த நீரும் சேறும் அப்போது முழு எடையாக இறங்கும். முதலில் சேற்றை உறிஞ்சி எடுத்து, தூக்குப் பட்டைகளை இறக்கையின் ஸ்பார் (இறக்கையின் நீளவாட்டில் ஓடும் முதன்மைச் சட்டம்), என்ஜின் தாங்கி போன்ற வலுவான இடங்களில் மட்டும் மாட்டி, நீர் வடிய வடிய மெதுவாக உயர்த்த வேண்டும். வாலைப் பிடித்து இழுத்தால் வால் மட்டும்தான் கைக்கு வரும்.

தொட்டியில் நன்னீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியேறும் நீரில் சில்வர் நைட்ரேட் சொட்டினால் வெண்மை படரும்வரை உப்பு இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கடலிலிருந்து எடுத்த இரும்புப் பொருளுக்குக் காஸ்டிக் சோடாக் கரைசல் நல்ல மருந்து. அலுமினியத்தை அதே கரைசல் தின்றுவிடும். விமானத்தில் இரண்டும் கலந்தே இருக்கின்றன. பிரிக்க முடிந்த எஃகுப் பாகங்களைக் கழற்றித் தனியாக ஊறவைப்பதே சரி. 2013இல் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் எடுத்த டோர்னியர் 17 குண்டுவீச்சு விமானத்துக்கு, சிறிதளவு காஸ்டிக் சோடாவால் அமிலத்தன்மையைத் தணித்த சிட்ரிக் அமிலக் கரைசலை, சுரங்கம்போல் கூடாரம் அமைத்து அதற்குள் தெளித்தார்கள். மெக்னீசியம் வார்ப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடல்நீரில் அவை பெரும்பாலும் கரைந்தே போயிருக்கும்.

குளிர்ந்த நன்னீர் எவ்வளவோ கருணையானது. அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் உல்வரின், சேபிள் என்ற பயிற்சி விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து பறந்து விழுந்த வைல்ட்கேட் விமானங்கள் நல்ல நிலையில் கிடைத்தன. பனியில் உப்பு இல்லை, ஆனால் எடை உண்டு. 1942இல் கிரீன்லாந்தில் இறங்கிய பி-38 போர் விமானம், பனிக்கு அடியில் 268 அடி ஆழத்தில் நசுங்கிக் கிடந்தது. 1992இல் வெந்நீரால் பனியை உருக்கிக் கிணறு இறக்கி, கழற்றித் துண்டு துண்டாக எடுத்தார்கள். அது மீண்டும் பறக்க 2002 ஆயிற்று.

பறக்கவைப்பதா, அப்படியே காப்பதா என்பதைத் தூக்கும் முன்பே முடிவுசெய்ய வேண்டும். காப்பதென்றால் கம்பித் தூரிகையும் மணல்வீச்சும் கூடவே கூடாது. டூராலுமின் மேல் உள்ள தூய அலுமினியப் படலமும், பழைய வண்ணமும், தொழிற்சாலை எழுத்துகளும் அவற்றோடு போய்விடும். 2012இல் எகிப்தியப் பாலைவனத்தில் கண்டெடுத்த கிட்டிஹாக் போர் விமானம் எழுபது ஆண்டு வெயிலைத் தாங்கி நின்றது. பிறகு அதன்மேல் புது வண்ணம் பூசிவிட்டார்கள்.

பறக்கவைப்பதென்றால் பழைய உலோகத்தில் பெரும்பகுதி மாதிரிக்கு மட்டுமே உதவும். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் முதன்மை ஸ்பார், ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த சதுரக் குழாய்களால் ஆனது. இடுக்கில் நடக்கும் அரிப்பு வெளியே தெரியாது. அதைப் புதிதாகச் செய்வதே வழி. தகடுகளை இணைக்கும், 2024 என்ற எண் கொண்ட அலுமினியக் கலவை ரிவெட்டுகளைச் சுமார் 495 டிகிரி செல்சியஸில் சூடாக்கி நீரில் குளிர்வித்தால், சில நிமிடங்களுக்குள் அடித்து முடிக்க வேண்டும். இல்லையேல் உறைபெட்டியில் வைக்க வேண்டும். தாமதித்தால் இறுகி, அடிக்கும்போது தலை வெடிக்கும்.

இன்னொன்று. ஒளிராமல் போன பழைய மானிகளைச் சுரண்டாதீர்கள். ஒளிர்ந்த பூச்சுதான் செத்தது. அதில் கலந்த கதிரியக்க ரேடியம் சாகவில்லை; அதன் அரை ஆயுள் 1600 ஆண்டு. துப்பாக்கித் தோட்டாக்களும் அப்படியே இருக்கலாம். பிரிட்டனில் 1986 சட்டப்படி, ராணுவ விமானச் சிதைவைத் தோண்ட உரிமம் தேவை. விமானியின் உடல் உள்ளே இருக்கக்கூடும் என்பது அதற்கு முக்கியக் காரணம்.

1940இல் பிரான்சின் கலே கடற்கரையில் விழுந்து, 1980இல் மணலிலிருந்து தலைகாட்டிய ஸ்பிட்ஃபயர் பி9374, 2011இல் பறந்தது. இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, அதில் பழைய உலோகம் எவ்வளவு, அடையாள எண்ணை மட்டும் சுமக்கும் புதிய உலோகம் எவ்வளவு என்று மீட்டவர்களிடம் கேட்டு, படத்துக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்