பாப்பா, கடைசியில் அந்த மீயைச் சாப்பிட்டுவிட்டேன்

பாப்பா,

நேற்று நான் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய படத்துக்கு, பன்றிக்கறியே தொடாத அப்பாவா இது என்று நீ மெல்பர்னிலிருந்து ஏழெட்டுக் கேள்விக்குறி போட்டு அனுப்பினாய். ஆமாம்மா, மீ நூடுல்ஸுக்கு மேல் இருந்த அந்த இனிப்பான சுட்ட பன்றிக்கறி சார் சியூதான். பக்கத்தில் இருந்தது சியோ பாக், தோலோடு மொறுமொறுவென்று சுட்ட பன்றிக்கறி. ஓரத்தில் தெரிந்த கை என்னுடையதுதான், யாரும் என் கைப்பேசியைத் திருடிக்கொண்டு போய்ப் படமெடுத்து அனுப்பவில்லை. வாட்ஸ்அப்பில் ஒற்றை விரலால் தட்டிச் சொல்லி முடிகிற கதையாக இல்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போயிருக்கிறாள், எப்படியும் மதியமாகும்.

அந்த மீயைச் சாப்பிடப் போக நாள் பார்ப்பதே பெரிய வேலையாகிவிட்டது. செவ்வாய், வெள்ளி நம் வீட்டில் கவிச்சி கிடையாது. திங்கட்கிழமை பாதிக் கடைகள் மூடியிருக்கும். சனி, ஞாயிறு அந்தக் கூட்டத்தில் என் முழங்காலோடு நிற்க முடியாது. கழித்துக் கழித்துப் பார்த்தால் புதனும் வியாழனும்தான் மிச்சம். புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, நடக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பொங்கோல் நிலையத்தில் ஊதாத் தட ரயில் ஏறினேன். அது பொய் இல்லை, நடந்தேன்தான், சைனாடவுனில் நடந்தேன்.

நிலையத்திலிருந்து பகோடா ஸ்திரீட்டில் ஏறினால் எதிரே மாரியம்மன் கோயில் கோபுரம். அந்தக் கோபுரத்தைப் பார்த்துத்தான் அந்தத் தெருவுக்கே பகோடா என்று பெயர் வைத்தார்கள், உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன், மறந்திருப்பாய். 1827இலிருந்து இருக்கிற கோயில். அங்கே நின்று ஒரு நிமிடம் யோசித்தேன். கும்பிட்டுவிட்டுச் சாப்பிடலாம், சாப்பிட்டுவிட்டுக் கும்பிட முடியாது. சரி என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பத்து நிமிடம் நின்று, நெற்றி நிறைய விபூதியோடு வெளியே வந்தேன். அதோடு நேராக சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் இரண்டாம் மாடிக்குப் போய்ப் பன்றிக்கறி வரிசையில் நின்றால் எப்படி இருக்கும் என்பதை அந்த நேரத்தில் நான் யோசிக்கவில்லை.

அந்த மாடியில் இருநூறுக்கு மேல் சாப்பாட்டுக் கடைகள். நீ வாங்குகிற மீக் கடையின் எண்ணை அனுப்பியிருந்தாய், ஆனால் எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற இடமா அது, ஒரு சந்தில் நுழைந்தால் வேறொரு சந்தில் வெளியே வருகிறோம். இரண்டு சுற்று சுற்றிவிட்டு, வரிசை எங்கே நீளமோ அங்கே போய் நின்றேன். அதுதான் உன் கடை. எனக்கு முன்னால் இருபது பேராவது இருப்பார்கள். முன்னால் நின்ற ஆன்ட்டி திரும்பி என் நெற்றியைப் பார்த்தார், கடைப் பலகையைப் பார்த்தார், மறுபடி நெற்றியைப் பார்த்தார். பிறகு மிகுந்த அக்கறையோடு, "அங்கிள், திஸ் ஒன் போர்க், யூ நோ ஆ?" என்றார். நோ, நோ என்றேன். எந்த நோ என்று அவருக்குப் புரியவில்லை. கடைசியில், என் மகள் சொல்லி வந்திருக்கிறேன் என்றதும் அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், நாற்பது நிமிடமும் எனக்குப் பாடம் எடுத்தார்.

சார் சியூ என்றால் கம்பியில் குத்திச் சுடுவது என்று அர்த்தமாம். சியோ பாக்குக்குத் தோலை ஊசியால் பொட்டுப் பொட்டாகக் குத்தி, உப்புத் தடவி, ஈரம் போகக் காயவிட்டுத்தான் அடுப்பில் வைப்பார்களாம். ஈரம் இருந்தால் தோல் பொரியாது, தோலாகவே நிற்கும். நம் வீட்டு வடகம் காயாமல் எண்ணெயில் போட்டால் என்ன ஆகுமோ அதே கதைதான். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததாக இருக்கும், எனக்குப் புதிது. அறுபத்தாறு வயதில் ஒரு சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு கேட்டுக்கொண்டதே இல்லை.

கடைக்காரருக்கு என் வயதிருக்கும். பேச்சே கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் கொக்கியில் தொங்குகிற இறைச்சியை எடுப்பது, வட்டமான மரக்கட்டையில் வைத்துக் கத்தியால் டக்டக்டக், அவ்வளவுதான். அவர் மனைவியோ தங்கையோ, அந்த அம்மாதான் மீ போடுகிறவர். ஒரு பிடி மீயைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அலசி, எடுத்துப் பச்சைத் தண்ணீரில் முக்கி, மறுபடி கொதிநீரில் காட்டி உதறுகிறார். ஒரு தடவை உதறினால் போதாதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். சாப்பிட்டதும் புரிந்தது, அந்தப் பச்சைத் தண்ணீர் இல்லாவிட்டால் மீ குழைந்துபோகும்.

விலை ஆறு வெள்ளி, இரண்டு இறைச்சியும் கலந்து. அரசாங்கத்தின் சிடிசி பற்றுச்சீட்டில் இரண்டு வெள்ளியாக மூன்றைக் காட்டினேன், ஸ்கேன் செய்துகொண்டார். அரசாங்கம் கொடுத்த காசில்தான் சாப்பிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லலாம். இடம் பிடிக்க டிஷ்யூ பாக்கெட்டை மறந்துவிட்டுப் போயிருந்தேன், அந்த ஆன்ட்டிதான் தன் மேசையில் இடம் கொடுத்தார்.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன்.

முதலில் சியோ பாக். கடித்ததும் சத்தம் கேட்டது பார், எனக்கே கேட்டது, பொரித்த அப்பளத்தை வாய்க்குள் உடைத்த மாதிரி. அதற்குக் கீழே கொழுப்பு, அதற்குக் கீழே கறி, மறுபடி கொஞ்சம் கொழுப்பு. கொழுப்பென்றால் வழவழவென்று ஒட்டிக்கொள்ளும் என்று பயந்துகொண்டிருந்தேன். ஒட்டவில்லை, வாயிலேயே கரைந்தது. உப்பு மட்டாக இருந்தது. சொன்னால் நம்புவாயோ என்னவோ, இரண்டு துண்டைக் கடைசிக்கென்று தட்டோரம் ஒதுக்கிவைத்தேன், சின்னப் பிள்ளை மாதிரி.

சார் சியூ எனக்கு அவ்வளவாக இல்லை. நீ கோபித்துக்கொள்ளாதே. கருகின ஓரம் இருக்கிறதே, வெல்லப்பாகு அடிப்பிடித்த மாதிரி லேசாகக் கசந்து, அது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுப்பகுதி இனிப்பு. காலை எட்டரை மணிக்குக் கறியில் இனிப்பு வருவதை என் நாக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆன்ட்டியிடம் சொன்னதற்கு, கொழுப்பு அதிகமான பாகமாகக் கேட்டு வாங்கவேண்டும், அங்கிள் உங்களுக்கு மெலிந்த துண்டு விழுந்துவிட்டது என்றார். இருக்கலாம்.

ஆனால் பாப்பா, அந்த மீ! நான் அதை ஒரு பொருட்டாகவே நினைத்துக்கொண்டு போகவில்லை. முட்டை மீ, மெல்லிசு, பல்லில் பட்டால் திமிறுகிறது. சாம்பலும் சோடாவும் கலந்த மாதிரி ஒரு வாசனை வருமே, அது இருக்கிறதா இல்லையா என்கிற அளவில்தான் இருந்தது. அடியில் மிளகாய்ச் சம்பலும் பன்றிக் கொழுப்பில் காய்ச்சிய எண்ணெயும் நின்றதை நன்றாகக் கிளறிவிட்டு, நீ சொன்னபடி ஊறவைத்த பச்சை மிளகாய் ஒன்றையும் சேர்த்துக் கடித்தேன். அந்தப் புளிப்பு வந்து கொழுப்பை அப்படியே வெட்டுகிறது. மிளகாயை யார் கண்டுபிடித்து அங்கே வைத்தார்களோ, அந்த ஆள் கெட்டிக்காரன். சூப்பில் கொழுக்கட்டை மாதிரி மூன்று வாண்டன் மிதந்தது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நீ கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், கொலஸ்ட்ரால் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன். பலதுறை மருந்தகத்தில் அடுத்த ரத்தப் பரிசோதனை பிப்ரவரியில்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நான் பன்றிக்கறி தொடாததற்கு சாமிதான் காரணம் என்று நீ இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருக்கிறாய். அம்மாவுக்கு அதுதான். எனக்கு அது இல்லை. இப்போது நாம் பதினைந்தாம் மாடியில் காற்று வாங்குகிறோமே, இதே பொங்கோலில் நான் சின்னப் பையனாக இருந்தபோது நாங்கள் இருந்த கம்பத்துக் கிராமத்தைச் சுற்றிப் பன்றிப் பண்ணைகள். மழை பெய்து வெயிலடித்தால் வரும் நாற்றத்தை உனக்கு எழுத்தில் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்துக்குச் சட்டையிலேயே அந்த வாசனையோடு போவோம், பக்கத்தில் உட்காருகிற பையன் மூக்கைப் பிடிப்பான். பண்ணைக்காரர் தினமும் சாயங்காலம் மண்ணெண்ணெய்த் தகரத்தோடு வந்து உன் பாட்டியிடம் கழுநீரும் மிச்சச் சோறும் வாங்கிக்கொண்டு போவார், சீனப் புத்தாண்டுக்கு முட்டையும் ஆரஞ்சும் கொண்டுவந்து தருவார். நல்ல மனிதர். ஆனால் அந்தத் தகரத்தைப் பார்த்த கண்ணுக்குப் பன்றிக்கறி என்றாலே வயிற்றைப் புரட்டும். 1984இல் பண்ணைகளே வேண்டாம் என்று அரசாங்கம் முடிவெடுத்து, 1990 வாக்கில் எல்லாம் போய்விட்டது. இன்று இந்த ஊரில் ஒரு பன்றிப் பண்ணைகூட இல்லை, கறி பிரேசிலிலிருந்து உறையவைத்து வருகிறது, பன்றி சரவாக்கிலிருந்து உயிரோடு கப்பலில் வருகிறது. நாற்றம் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை, அவ்வளவுதான்.

நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் ராத்திரி இதே கடையிலிருந்து மீயைத் தபாவ் செய்து, பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்தாயே. கதவைத் திறந்ததுமே நான் கத்தினேன். நீ ஒன்றும் பேசாமல் லிஃப்டில் இறங்கிப் போய், புளோக் கீழே கல்மேசையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மேலே வந்தாய். மேலேயிருந்து எட்டிப் பார்த்தேன், மரம் மறைத்தது. கையைக்கூட மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாய். நேற்று மீயைக் கிளறும்போது அது ஞாபகம் வந்தது. ஆறின மீயைத்தானே அன்றைக்கு நீ சாப்பிட்டிருப்பாய், இவ்வளவு தூரம் ரயிலில் கொண்டுவந்து. இதைச் சுடச்சுடச் சாப்பிடவேண்டும்மா.

தட்டைக் கொண்டுபோய் வைக்கும்போது ஹலால் தட்டுகள் வைக்கிற அடுக்குப் பக்கம் போய்விட்டேன், சுத்தம் செய்கிற அம்மா அதட்டி மறுபக்கம் அனுப்பினார். திரும்பி வரும்போது கோயில் பக்கம் போகாமல் வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு நிலையத்துக்கு வந்தேன்.

அம்மாவிடம் ராத்திரியே சொல்லிவிட்டேன். சட்டையை மோந்து பார்த்துவிட்டுத் தனியாகத் துவைக்கப் போட்டாள், ஒரு வார்த்தை திட்டவில்லை. காலையில் காப்பி கொடுக்கும்போதுதான், "மெல்பர்னில் அவளுக்கு இதெல்லாம் கிடைக்குமா?" என்று கேட்டாள்.

டிசம்பரில் நீ வரும்போது போவோம். நீ வரிசையில் நில், நான் டிஷ்யூ பாக்கெட்டோடு இடம் பிடிக்கிறேன். அம்மாவும் வருகிறாளாம், பால் சேர்க்காத கோப்பி ஓ மட்டும் குடிப்பாளாம், நம் மேசையில் இல்லை, பக்கத்து மேசையில். புதன்கிழமையாகப் பார்த்து டிக்கெட் போடு. அந்தக் கடையில் கொழுப்பான துண்டு எப்படிக் கேட்பதென்று சீனத்தில் எழுதி அனுப்பு, அதுவரைக்கும் நான் பழகி வைக்கிறேன்.

அப்பா