பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு: வாழைப்பழ டி.என்.ஏ. சோதனை குறித்து

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

இந்த வார இறுதியில் பிள்ளைகள் வீட்டில் வாழைப்பழத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க வேண்டும். உயிரினங்களின் மரபுப் பண்புகளைச் சுமக்கும் பொருள் அது. அதன் வடிவத்தை 1953-இல் கண்டறிந்த வாட்சன், கிரிக் பெயர்களைப் பிள்ளைகள் அறிவார்கள். அந்தக் கண்டுபிடிப்புக்கு 84 ஆண்டுகள் முன்பே, 1869-இல், அந்தப் பொருளைத் தனியே பிரித்தெடுத்தவர் சுவிட்சர்லாந்தின் பிரீட்ரிக் மீஷர். அவரையும் அறியட்டும்.

மருத்துவம் படித்தவர், காது மந்தமானதால் வேதியியலுக்குத் திரும்பினார். ஜெர்மனியின் டூபிங்கன் கோட்டையில், முன்பு சமையலறையாக இருந்த ஆய்வகத்தில், மருத்துவமனைக் கட்டுத்துணிகளின் சீழைக் கழுவி வெள்ளணுக்களைச் சேர்த்தார். கழுவுவதே பெரும்பாடு. பல உப்புக் கரைசல்களில் அணுக்கள் ஊதிக் குழைந்தன. சோடியம் சல்பேட்டின் நிறைகரைசல் 1 பங்குக்குத் தண்ணீர் 9 பங்கு சேர்த்தபோதுதான் உருக்குலையாமல் நின்றன. பிறகு பன்றி இரைப்பையின் செரிமான நொதியான பெப்சினால் புரதத்தைச் செரிக்கவைத்து, அணுக்களின் மையமான உட்கருவைத் தனியாக்கினார். அதிலிருந்து கிடைத்த பொருள் காரத்தில் கரைந்தது, அமிலத்தில் வீழ்படிந்தது, பாஸ்பரஸ் நிறைந்திருந்தது. 'நியூக்ளின்' என்று பெயரிட்டார். ஆய்வகத் தலைவர் ஹோப்பே-சைலர் தாமே திரும்பச் செய்து பார்த்த பிறகே, 1871-இல், கட்டுரை வெளிவந்தது.

வீட்டில் செய்முறை: கனிந்த பழம் பாதியைக் கையால் மசியுங்கள். மிக்ஸி வேண்டாம், இழைகள் அறுந்துவிடும். 100 மி.லி. தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பும் 2 தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவமும் நுரைக்காமல் கலந்து, பழத்தில் சேர்த்து 10 நிமிடம் வைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். சோப்பு செல்சவ்வின் கொழுப்பைக் கரைக்கும்.

மருந்துக்கடை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை முன்னதாகவே அரைமணி நேரம் ஐஸ் தண்ணீரில் வைத்திருங்கள். வடிநீர் அளவுக்கே, சாய்த்த டம்ளரின் ஓரமாக, மெல்ல ஊற்ற வேண்டும். ஊற்றுவது பெரியவர்கள் கையாக இருக்கட்டும். தீப்பற்றும் பொருள், அடுப்பு எரியவே கூடாது. இரண்டு திரவமும் சேரும் இடத்தில் சில நிமிடங்களில் வெள்ளை இழைகள் எழும். குச்சியால் சுற்றி எடுக்கலாம். ஆல்கஹால் குளிராமல் இருந்தாலோ, வேகமாக ஊற்றிக் கலந்துவிட்டாலோ வெறும் கலங்கல்தான் மிஞ்சும்.

அந்த இழை தூய டி.என்.ஏ. அல்ல, புரதமும், பழத்தின் பசைப்பொருளான பெக்டினும் ஒட்டியிருக்கும். மீஷர் பாடுபட்டதும் இந்தப் புரத அழுக்கோடுதான். வடிநீரில் ஒரு தேக்கரண்டி புதிய அன்னாசிச் சாறு சேர்த்து 5 நிமிடம் விட்டால், அதன் நொதி பெப்சினைப்போலப் புரதத்தை அறுக்கும். டப்பா சாறு உதவாது. சூடேற்றியதில் நொதி செத்திருக்கும்.

குளிர்ச்சியை அசட்டை செய்யாதீர்கள். பின்னாளில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ரைன் ஆற்றுச் சால்மன் மீனின் விந்தணுக்களில் நியூக்ளினைத் தேடிய மீஷர், பொருள் கெடாதிருக்க, கணப்பில்லாத அறையில் குளிர்காலத்தில் வேலை செய்தார். காசநோயால் 1895-இல் 51 வயதில் இறந்தார்.

இழை வந்தாலும் வராவிட்டாலும் அளவு, நேரம் எல்லாவற்றையும் பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதித் திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும். இழை வராதவர்களின் குறிப்பிலிருந்தே வகுப்பைத் தொடங்குவோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்