இரண்டு மணிக்கே விடிந்துவிடும் அம்மிச்சிக்கு

அன்புள்ள மாமாவுக்கு,

"அம்மாவுக்கு அரை மாத்திரை கேக்க மாட்டேங்குது கண்ணு, முழுசாக் குடுத்துரட்டுமா?" என்று அம்மிச்சியின் தூக்க மாத்திரையைப் பற்றிப் போனில் கேட்டீர்கள். வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். இதே கேள்வியோடு மருந்து வாங்க வரும் மகன்களைத் தினமும் பார்க்கிறேன். அதனால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

பொங்கலுக்குத் தோட்டத்துச் சாளைக்கு வந்தபோது ஆசாரத்தில் அம்மிச்சி பக்கத்தில்தான் படுத்திருந்தேன். ஏழரைக்குப் படுத்தவர், எட்டு மணிக்குக் குறட்டை. இரண்டு மணிக்கு என்னைத் தொட்டு, "ஏஞ்சாமி, விடிஞ்சிருச்சா?" என்கிறார். கணக்குப் போடுங்கள், ஆறு மணி நேரம். மத்தியானத் தூக்கம் தனி. மூன்று மணிக்கு எழுந்து பால் கறந்த உடம்பு அது. எருமைகளை விற்றுவிட்டோம் என்பது அதற்குத் தெரியுமா?

அந்த மாத்திரை அல்பிரஸோலம். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய நம் வயதுக்காரர்களுக்குச் சுமார் 11 மணி நேரம் ஆகும் என்றால், வயதானவர்களுக்குச் சுமார் 16. விடிந்த பிறகும் உடம்பில் நிற்கும். போன மாசம் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் துவைக்கிற கல்லில் மோதி விழுந்தாரே, கால் இடறிவிட்டது என்றீர்கள். எனக்கென்னவோ மாத்திரை மேல்தான் சந்தேகம். முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று 1991-இல் தொடங்கிய பீர்ஸ் பட்டியலில் இந்த வகை இருக்கிறது. பக்கத்து வீட்டில் சொன்ன ஸோல்பிடெம் என்கிற தூக்க மாத்திரையும் அதிலேயே இருக்கிறது, அதனால் அதற்கு மாற்றியும் பயனில்லை.

அதற்காக இன்று ராத்திரியே நிறுத்திவிடாதீர்கள் மாமா. இரண்டு வருசமாகப் பழகிய உடம்பு. சட்டென்று நிறுத்தினால் தூக்கம் இன்னும் கெடும், கை நடுங்கும், வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்கிறபடி வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். (டாக்டர் சீட்டு இல்லாமல் உங்கள் முகத்துக்காகப் பட்டை பட்டையாகக் கொடுக்கிற கடைக்காரரைப் பற்றி நேரில் பேசிக்கொள்கிறேன். அதைப் பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டும் என்று 2014-இல் இருந்தே விதி இருக்கிறது.)

அம்மிச்சியைப் பத்து மணி வரை படுக்க விடாதீர்கள். சீரியல் பார்க்கட்டும், கடலைக்காய் உரிக்கட்டும். பிரஷருக்கான நீர் மாத்திரையை ராத்திரி கொடுக்கிறீர்கள், அதைக் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்போம். பாதி ராத்திரி எழுந்திருப்பது அதனாலும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காங்கயம் வருகிறேன். பழைய சீட்டு, மாத்திரைப் பட்டைகள் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு வையுங்கள். பொடக்காளிக்குப் போகிற வழியில் மட்டும் இன்றைக்கே ஒரு பல்பு மாட்டிவிடுங்கள் மாமா.