பின்னிய விரல்களுக்கும் ஒரு வரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சண்டிகர் நகரத்தைப் புதிதாகக் கட்டியபோது அதன் அரசு அலுவலகங்களுக்காகச் செய்த தேக்கு, பிரம்பு நாற்காலிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படங்கள் அருமை. ஆனால் நடுவில் ஒரு வரி: ‘சாதாரணத் தேக்கையும் பிரம்பையும் கலைப்பொருளாக்கியது ஒரு வடிவமைப்பாளரின் கண்.’ அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் அப்பாவுக்குக் கண் தெரியாது. பார்வையற்றோர் பள்ளியில் நாற்காலி பின்னக் கற்றுக்கொண்டவர். முப்பது வருடத்துக்கு மேல் அலுவலக நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னித்தான் எங்கள் நான்கு பேரையும் வளர்த்தார்.

அந்த வேலை தாங்கள் அறியாததல்ல. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால் சொல்கிறேன். பிரம்புப் பட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, வழவழப்பான பக்கம் மேலே வருகிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பார். சட்டத்தின் ஓட்டைகளில் நெடுக்கில் ஒரு தடவை, குறுக்கில் ஒரு தடவை, அப்புறம் மறுபடி நெடுக்கு, மறுபடி குறுக்கு. கடைசியில் மூலைவாட்டாக இரண்டு. பட்டை நழுவாமல் இருக்க ஓட்டைக்குள் சின்ன ஆப்பு. ஈரத்தில் அதிகம் இழுத்துவிட்டால் காய்ந்து சுருங்கும்போது அறுந்துவிடும். தளர விட்டால் உட்கார்ந்ததும் தொய்யும். மூலைவாட்டுப் பட்டை மேலே போக வேண்டிய இடத்தில் கீழே போய்விட்டால், ‘இது ஓடலடா, இடிக்குது’ என்று அந்த வரிசை முழுவதையும் உருவிவிடுவார். காய்ந்த பிறகு விரலால் ஒரு தட்டு தட்டுவார். அந்தச் சத்தத்தில்தான் வேலை முடிந்ததென்று அவருக்குத் தெரியும். இதில் கண்ணுக்கு எங்கே இடம் என்று சொல்லுங்கள் ஐயா.

சண்டிகர் நாற்காலிகளை என் அப்பா பின்னவில்லை. ஆனால் யாரோ பின்னினார்கள். தங்கள் கட்டுரை புகழும் வடிவமைப்பாளர், 1951 முதல் 1965 வரை அங்கே வேலை செய்த சுவிஸ் கட்டடக் கலைஞர் பியர் ஜான்னரே, பெரிய மனிதர். எனக்கு அவர் மேல் வருத்தமே கிடையாது. அவருடைய அஸ்தியைக்கூட அந்த ஊர் சுக்னா ஏரியில்தான் கரைத்தார்கள். ஆனால் அவரோடு வேலை செய்த இந்தியக் கட்டடக் கலைஞர் யூலி சௌத்ரியின் பெயரே தங்கள் கட்டுரையில் இல்லை. பட்டறையில் தேக்கை அறுத்தவர்களும் பிரம்பு பின்னியவர்களும் ‘உள்ளூர்க் கைவினைஞர்களின் உதவியுடன்’ என்ற மூன்று சொல்லில் முடிந்துபோனார்கள். உதவியா? நாற்காலியைச் செய்ததே அவர்கள்தானே!

‘அந்த ஊர் தந்த உத்வேகம்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். சரி, ஊர் என்றால் வெயிலும் வெளிச்சமும் மட்டுமா? வெயில் காலத்தில் முதுகு வேர்க்காமல் காற்று போகப் பிரம்பு. கரையான் லேசில் அரிக்காததால் தேக்கு. ஜான்னரே வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே நம் தச்சர்களுக்கு இது தெரியும்.

எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. சில வருடங்களுக்கு முன்பு ஒரு வடிவமைப்பாளர் எங்கள் பட்டறைக்கு வந்து பதினோரு நாள் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். ஓரத்தில் ஓட்டைகளை மறைக்கும் பட்டையைக் கட்ட அப்பா தனியாக ஒரு முடிச்சு வைத்திருந்தார். அதையும் நான் மறைக்காமல் சொல்லிக்கொடுத்தேன். பிறகு அவருடைய கண்காட்சிக்குப் போனால், அதே முடிச்சோடு ஒரு நாற்காலி, பக்கத்தில் ‘இந்த மண்ணின் மரபிலிருந்து’ என்று ஒரு அட்டை. மண் எப்போது முடிச்சுப் போட்டது? அப்பா இறந்து அப்போது எட்டு மாதம்கூட ஆகவில்லை.

அதற்கு முன்பே பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து வேலையைக் கொண்டுபோயிருந்தன. அப்பா பின்னிய நாற்காலிகள் மாடிப்படிக்கு அடியில் மழையில் நனைந்து கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். சண்டிகரிலும் அப்படித்தானே குவித்துப் போட்டு ஏலம் விட்டார்கள்? வெளிநாட்டு ஏலங்களில் விலை ஏறிய பிறகுதான், 2011இல், அவை நாட்டைவிட்டுப் போகக்கூடாதென்று உள்துறை அமைச்சகம் உத்தரவு போட்டது. நாற்காலி பத்திரமாகிவிட்டது. செய்தவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

பெயர் சொல்வது முடியாத காரியம் இல்லை. நம் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி கட்டும்போது வேலை பார்த்த, பிறகு மரச்சாமான்களுக்குப் பெயர்பெற்ற ஜார்ஜ் நகாஷிமாவைத் தங்களுக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஜப்பானிய வம்சாவளி என்பதால் அமெரிக்க அரசு அவரை மினிடோகா முகாமில் அடைத்தபோது, அங்கே ஒரு தச்சரிடம் ஜப்பானிய மரவேலை கற்றார். அந்தத் தச்சர் கென்டாரோ ஹிகோகாவா. முகாமில் அடைபட்டிருந்த ஒரு தச்சரின் பெயர் இன்று எனக்குத் தெரிகிறது. சிற்பி இசாமு நொகுச்சி 1951இல் ஜப்பானின் கிஃபு ஊருக்குப் போய், அங்கே காகித விளக்கு செய்வதைப் பார்த்து ‘அகாரி’ என்ற தன் காகித விளக்குகளைத் தொடங்கினார். அவற்றைச் செய்யும் ஒசெகி பட்டறையின் பெயரும் கூடவே வருகிறது.

நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த இதழில் யூலி சௌத்ரியின் பெயரைச் சேர்த்து ஒரு வரித் திருத்தம் போடுங்கள். இனி இப்படிப்பட்ட பொருள்களின் படம் போடும்போது, வடிவமைத்தவர் பெயருக்குக் கீழே ‘செய்தவர்’ என்று இன்னொரு வரி இருக்கட்டும். பெயர் கிடைக்காவிட்டால் பட்டறையின் பெயர். அதுவும் கிடைக்காவிட்டால் ‘பெயர் பதிவு செய்யப்படவில்லை’ என்றாவது அச்சிடுங்கள். ‘உதவியுடன்’ மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகன்,
பிரம்பு பின்னுபவர் ஒருவரின் மகன்