‘நெஸ்ஸுன் டோர்மா’: ஒரு திருத்தம் வேண்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இசைப் பக்கத்தில், ‘நெஸ்ஸுன் டோர்மா’ 1990 உலகக் கோப்பைக் கால்பந்துக்காக இயற்றப்பட்ட பாட்டு என்று அச்சாகியிருக்கிறது. படித்ததும் மனசு கசந்துவிட்டது.

அது இத்தாலிய இசையமைப்பாளர் பூச்சினியின் ‘டுராண்டோட்’ என்ற ஓபராவில், அதாவது இசை நாடகத்தில், வரும் பாட்டு. பூச்சினி 1924 நவம்பரிலேயே காலமானார். பாதியில் நின்ற ‘டுராண்டோட்’டை இசையமைப்பாளர் ஃபிராங்கோ அல்ஃபானோ முடித்துக் கொடுக்க, 1926 ஏப்ரல் 25 அன்று மிலானின் லா ஸ்காலா அரங்கில் மேடையேறியது. முதல் நாள், பூச்சினி எழுதியது முடிகிற இடம் வந்ததும் இசைக்குழுவை நடத்திய டோஸ்கனினி இசையை நிறுத்திவிட்டார். தாங்கள் அறியாததல்ல. 1990-ல் உலகக் கோப்பை ஒளிபரப்புக்குப் பிபிசி எடுத்துக்கொண்டது, ஓபராப் பாடகர் பவரொட்டி 1972-ல் பாடிய பதிவு. அதில் இசைக்குழுவை நடத்தியவர் பம்பாயில் பிறந்த ஜூபின் மேத்தா. அவர் பெயரைக்கூடக் காணோம்.

பாட்டை ‘வெற்றிக் கொண்டாட்டம்’ என்கிறார் கட்டுரையாளர். இதைப் பாடும் இளவரசன் காலாஃபின் பெயரை விடிவதற்குள் கண்டுபிடிக்காவிட்டால் வெற்றி அவனுக்கு. அதனால், பெயர் தெரியும்வரை பீகிங்கில் யாரும் தூங்கக் கூடாது, மீறினால் மரணம் என்பது இளவரசி டுராண்டோட்டின் ஆணை. ‘யாரும் தூங்கக் கூடாது’ என்பதுதான் தலைப்பின் பொருளே. நடுவில், தூரத்திலிருந்து பெண்கள், ‘அவன் பெயர் யாருக்கும் தெரியாது, ஐயோ, நாம் சாகத்தான் வேண்டும்’ என்று மெல்லப் பாடுகிறார்கள். அந்தக் குரல்களைக் கேட்ட ஒருவர் கொண்டாட்டம் என்று எழுதுவாரா?

பாட்டின் கடைசிச் சொல்லான ‘வின்ச்செரோ’வில் உச்ச சுரத்தைப் பூச்சினியே நீட்டச் சொன்னதாகவும் இருக்கிறது. நோட்டேஷனை எதிரில் விரித்து வைத்துக்கொண்டு சொல்கிறேன்: ‘செ’யில் வரும் மேல் பி (B) சுரத்தின் நீளம், முழு நோட்டில் பதினாறில் ஒரு பங்குதான். அடுத்த ‘ரோ’வில் வரும் ஏ (A) சுரம்தான் முழு நோட். பி-யைப் பிடித்து நிறுத்துவது பாடகர்கள் கொண்டுவந்த வழக்கம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூச்சையெல்லாம் அங்கேயே செலவழித்தால் ஏ-யில் சுருதி இறங்கிவிடும்; போட்டி மேடைகளில் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். ஓபராவில் பாட்டு அங்கே முடிவதும் இல்லை. இசை நிற்காமல் அடுத்த காட்சிக்குள் போய்விடும். கைதட்டலுக்கு இடம் விடும் முடிவு, கச்சேரிக்காகப் பின்னால் சேர்த்தது.

ஓபராப் பாடகர்கள் மைக்கை நெருங்கிப் பாடுவார்கள் என்று முன்பொரு முறை இதே பக்கத்தில் வந்தது. பயிற்சி பெற்ற குரலின் பலம் 3,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் சுற்றுவட்டாரத்தில் கூடுகிறது; அங்கே வாத்தியக் குழுவின் ஒலி மெலிந்திருப்பதால் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கிறது என்று அப்போதே அஞ்சலட்டை போட்டேன். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை.

இந்தப் பாட்டின் செல்வாக்குக்குக் கால்பந்து ஒன்றுதானா சாட்சி? 1998 கிராமி விழாவில் பவரொட்டிக்கு உடல்நலமில்லாமல் போக, ‘சோல்’ (soul) இசைப் பாடகி அரீதா ஃபிராங்க்ளின் அதே மேடையில் இதைப் பாடினாரே, அதற்கு ஒரு வரி கிடையாதா?

நான் கேட்பது சிறு திருத்தம்தான். ‘வின்ச்செரோ’வுக்கு ‘வென்றேன்’ என்று பொருள் போட்டிருக்கிறீர்கள். ‘வெல்வேன்’ என்று மாற்றுங்கள். காலாஃப் அதைப் பாடும்போது இன்னும் விடியவில்லை.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகன்,
கோவை